கிளச் இல்லாத கார்

என்னிடம் சாரதியாக இருந்தவர் ஒல்லியான, நரைத்த மனிதர். காரில் ஏறுமுன் செருப்பைக் கழற்றிவிடுவார். செருப்போடு மிதித்தால் வாகனத்துக்கு நோகும் என்பார்.

என் இடது முழங்கால் கிளச் மிதிக்க உதவாமற்போன பிறகுதான் அவரை வேலைக்கு வைத்தேன். புதுக் கார் எடுக்கக் கொழும்புக்குப் போனபோது, தானாகக் கியர் மாறும் டீசல் கார் ஒன்றை அவரே காட்டினார்.

"உந்தக் காரை எடுங்கோ ஐயா. டீசலெண்டபடியால் செலவு குறைவு. கிளச்சும் இல்லை, நீங்களே ஓடலாம்."

"அப்ப நீர்?"

"நான் பின்னாலை துரை மாதிரி இருந்து வாறன்" என்று சிரித்தார்.

எங்கள் ஊர் உரும்பிராய் வரை அவர்தான் ஓட்டினார். நான் பின்னால் தூங்கினேன். வீட்டு வாசல் படலையடியில் காரைப் பூட்டித் திறப்பைத் தந்துவிட்டு, "நாளைக்கு வரட்டோ ஐயா?" என்று கேட்டார்.

"தேவையெண்டால் சொல்லி அனுப்புறன்" என்றேன். எங்கள் பக்கத்தில் அதற்கு இனி வரவேண்டாம் என்று அர்த்தம்.

"ஓம் ஐயா" என்று நடந்து போனார்.

முழங்கால் நோவில்லாமல் அந்தக் காரை நெடுங்காலம் ஓட்டினேன். வேலை போகும் என்று தெரிந்துதான் அதைக் காட்டினாரா, அல்லது நான் அவரை நிறுத்தமாட்டேன் என்று நம்பினாரா? அவருடைய வீடு அடுத்த ஊரில்தான் இருந்தது. போய்க் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.