வளைவில் இரண்டு நிமிடம்

நடப்பதற்கு ஒரு குழுவா என்று முதலில் சிரித்தவர் அவர்தான். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவர். கால் என்பது கிளட்சை மிதிப்பதற்காகக் கொடுக்கப்பட்டது என்று நம்பியவர். தெருமுனைக் கடைக்குப் பால் வாங்கப் போவதானாலும் ஸ்கூட்டர் சாவியைத் தேடுவார். அவருடைய மனைவி ஞாயிற்றுக்கிழமை நடைக்குழுவில் பெயர் கொடுத்துவிட்டு வந்த அன்று, ஊரில் யாரும் நடக்கக்கூடாது என்றுதானே நான் பஸ் ஓட்டுகிறேன், நீ என்னடாவென்றால் ஆள் சேர்த்துக்கொண்டு நடக்கிறாயே என்று கேலி செய்தார். அவள் சிரித்துவிட்டு, ஷூவின் கயிற்றைக் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாரத்தில் ஆறு நாள் அவளுக்கு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. ஈரம் காயாத படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைகளுக்குள் தள்ளிவிட்டுக்கொண்டே எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். அங்கே ஜன்னல் கிடையாது. ஆவியில் வெந்து வெந்து, சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது விரல் நுனிகள் சுருங்கிப் போயிருக்கும். ஏழாவது நாள் கொஞ்சம் காற்று வேண்டும் என்று அவள் நினைத்ததில் என்ன தப்பு? இதெல்லாம் அவருக்கு இப்போதுதான் புரிகிறது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று சும்மாவா சொன்னார்கள்.

அவள் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. ரத்தத்தில் ஏதோ கோளாறு என்றார்கள். மூன்றே வாரம். அவள் துவைத்துத் தேய்த்துக் கொடுத்த விரிப்புகளில் ஒன்றிலேயே அவளைப் படுக்க வைத்திருந்தார்கள். அதற்கடுத்த ஐந்தாவது மாதம் அவருக்கு ஓய்வு கொடுத்து, மாலை போட்டு அனுப்பினார்கள். மாலையைக் கொண்டுவந்து எங்கே வைப்பதென்று தெரியாமல் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தார். அது நான்கு நாள் அங்கேயே கிடந்து காய்ந்தது.

மேற்கொண்டு சொல்வதற்கு முன் இந்த மனிதரின் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். டெப்போவில் இவருக்குக் 'கடிகாரம்' என்று பெயர். தாமதமாகப் போவது தப்பு, நேரத்துக்கு முன்னால் போவது அதைவிடப் பெரிய தப்பு என்பார். நேரம் பார்த்துக் கிளம்பி வருகிறவன் பஸ்ஸை விட்டுவிடக் கூடாதல்லவா. அதற்காகவே வழியில் சில நிறுத்தங்களைக் குறித்து வைத்திருந்தார்கள். சீக்கிரம் வந்துவிட்டால் அங்கே நின்று, நேரம் ஆன பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் ரோடு காலியாக இருக்கும். ஊருக்கு வெளியே, அப்படிக் குறித்த நிறுத்தமான மலையடிவார வளைவுக்கு அவர் எப்போதும் இரண்டு நிமிஷம் முன்னால் வந்து சேர்ந்துவிடுவார். எஞ்சினை அணைப்பார். ஃபிளாஸ்க் மூடியில் கொஞ்சம் டீ ஊற்றிக் குடிப்பார். பத்து நாற்பது ஆனதும் கிளம்பிவிடுவார். இதையெல்லாம் வீட்டில் வந்து சொன்னதில்லை. வேலையைச் செருப்போடு வாசலிலேயே கழற்றிவிட்டு வருகிற ரகம். வீட்டுக்குள் பேசினால் முத்து உதிர்ந்துவிடும்.

நடைக்குழு ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு அந்த மலைக்குத்தான் போகும். மற்ற வாரங்களில் வயல், வாய்க்கால் கரை, தோப்பு. முதல் தடவை மலை ஏறிவிட்டு வந்த அன்று ராத்திரி சாப்பிடும்போது, மேலிருந்து உங்கள் பஸ் தெரிகிறது, நான் கைகூடக் காட்டினேன் என்று அவள் சொன்னாள். "நான் ரோட்டைப் பாக்கறதா, மலையைப் பாக்கறதா?" என்றார் இவர், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அதற்குப் பிறகு பஸ்ஸைப் பற்றி அவள் பேசவில்லை. ஆனால் ஆறு வருஷமும் ஒன்றை மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஒரு தடவை மேல வந்து பாருங்களேன். ஒரே ஒரு தடவை." ஒரு ஞாயிறு லீவு போட்டால் போதும். அவர் போடவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்திலும் அதையே சொன்னாள். நீ எழுந்து வா, ரெண்டு பேரும் சேர்ந்தே போகலாம் என்றார். ஜுரக்காரிக்குச் சொல்லும் சமாதானம்போல அதைச் சொன்னார். அவளும் தலையை ஆட்டினாள்.

அந்த ஒரே ஒரு தடவை இன்னும் அப்படியே நிற்கிறது. அதற்காகத்தான், அறுபது வயதில், கிளட்ச் மிதித்துத் தேய்ந்த இடது முழங்காலோடு, அவர் நடைக்குழுவில் போய்ச் சேர்ந்தார். மகள் வெளியூரிலிருந்து போனில், முழங்கால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா அப்பா என்று சத்தம் போட்டாள். "உங்கம்மா கூப்பிட்டா, போகல. இப்பவாவது போறேன்" என்றார்.

குழுவை நடத்துகிறவர் ஒரு பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர். குரலும் கறார், கொள்கையும் கறார். புதிதாக வருகிறவர்கள் மூன்று வாரம் சமதரையில் நடந்து காட்டினால்தான் மலைக்கு வரலாம் என்பது அவர் சட்டம். இவருக்காகவும் அதைத் தளர்த்தவில்லை. முதல் வாரம் அரை மணி நேரத்திலேயே இவர் ஒரு மதகின்மேல் உட்கார்ந்துவிட்டார். ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், வாழ்நாள் முழுக்க நடந்தும் அலுக்காதவர், பக்கத்தில் வந்து நின்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வண்டி சூடாகிவிட்டதா, கொஞ்சம் ஆறட்டும் என்றார். இவருக்கு வலித்தாலும் சிரிப்பு வந்துவிட்டது.

வழியெல்லாம் மேய்ச்சல் நிலம். நிலத்துக்கு நிலம் கம்பிக் கதவு. திறந்துபோட்டுவிட்டுப் போனால் மாடுகள் ரோட்டுக்கு வந்துவிடும். அதனால் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. கடைசியாக வருகிறவருக்கு 'வால்' என்று பெயர். அவர் ஆரஞ்சு நிறக் கையில்லாச் சட்டை போட்டுக்கொள்ள வேண்டும். எல்லோரும் கடந்த பிறகு கதவைச் சாத்தி, "சாத்தியாச்சு" என்று குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரல் காதில் விழாமல் முன்னால் நிற்கும் டீச்சர் ஓர் அடி எடுத்து வைக்க மாட்டார். ஆறு வருஷமும் அந்த வால் இவருடைய மனைவிதான். வேகமாக நடக்கக்கூடியவளாம். ஆனாலும் பின்தங்குகிறவர்கள் தனியாக வரக்கூடாது என்று கடைசியில் வருவாளாம்.

அவள் குரல் வயலைத் தாண்டிக் கேட்கும் என்று தபால்காரர் சொன்னபோது இவரால் நம்ப முடியவில்லை. வீட்டில் அவள் பேசுவது டிவி சத்தத்தில் கேட்காது. கேட்கவில்லை என்று டிவியைக் குறைத்ததும் இல்லை இவர்.

எப்படியும் கடைசியில் வருகிறவர் இவர்தான் என்பதால் இரண்டாவது வாரமே ஆரஞ்சுச் சட்டை இவரிடம் வந்து சேர்ந்தது. பக்கவாட்டில் இரண்டு பக்கமும் நூலால் பிடித்துத் தைத்திருந்தது. அவளுக்குப் பெரிதாக இருந்திருக்கிறது, பிடித்துக்கொண்டிருக்கிறாள். இவருக்கு ஜிப் ஏறவில்லை. தையலைப் பிரித்துவிடலாமே என்று டீச்சர் சொன்னார். வேண்டாம் என்று திறந்தபடியே போட்டுக்கொண்டார்.

மூன்று வாரம் முடிந்தது. முதல் ஞாயிறு வந்தது.

ஏறுவதென்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நாலு எட்டு வைத்தால் நாற்பது மூச்சு வாங்கியது. மற்றவர்கள் முன்னே போய்ப் போய் நின்றார்கள். வழக்கமாக ஒருவரையும் அவசரப்படுத்தாத டீச்சர் அன்று அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தபால்காரரும் பார்த்தார். மேலே போய்ச் சேர ஒரு நேரம் இருக்கிறதா என்று இவர் கேட்டதற்கு, வாங்க சொல்கிறேன் என்று டீச்சர் முதுகில் கை வைத்து மெல்லத் தள்ளிவிட்டார். பத்து முப்பத்திரண்டுக்கு உச்சியிலிருந்த தட்டைப் பாறையை எட்டினார்கள்.

கீழே எல்லாம் சின்னதாகத் தெரிந்தது. ரோடு, புளியமரம், வளைவு, நிறுத்தத்தின் தகரக் கூரை. எத்தனை ஆயிரம் தடவை போன ரோடு. இப்படி ஓர் உயரம் அதற்கு மேலே இருந்ததென்று தெரியாமலே போயிருக்கிறார். அவள் இங்கேதான் உட்கார்ந்திருப்பாள் என்று பாறையைத் தடவிப் பார்த்தார். வந்துட்டேன், பாரு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவள் போன பிறகு இந்தப் பாறைக்கு வர யாருக்கும் மனசு வரவில்லை, வேறு மலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம், உங்களுக்காக இன்றைக்கு வந்தோம் என்றார். பிறகு, "நீங்க அவளுக்காகப் பஸ்ஸை நிறுத்துவீங்களே, அதைப் பாக்கறதுக்குன்னே நாங்க எல்லாரும் ஓடி வருவோம்" என்றார்.

அவர் புரியாமல் பார்த்தார்.

"முதல் தடவை நிக்கலை. கை காட்டினேன்னு வீட்ல போய்ச் சொன்னாளாம். அடுத்த மாசம் பாத்தா, பஸ் வந்து நேரா நமக்குக் கீழ நிக்குது. ரெண்டு நிமிஷம். அதுக்கப்புறம் ஒவ்வொரு மாசமும். இந்தச் சட்டையைக் கழட்டி ஆட்டுவா. நாங்களும் கூட ஆட்டுவோம்."

அந்த முதல் ஞாயிறு அவருக்கு நினைவிருந்தது. குழாய் பதிக்க ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். தாமதமாக வந்ததால் வளைவில் நிற்க வேண்டியிருக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே" என்றார்.

"நாங்களும் அதைத்தான் சொன்னோம். கேட்டா வெக்கப்படுவார், அப்புறம் நிறுத்தறதையே விட்டுடுவார்னு சொன்னா. வாயால சொல்லத் தெரியாத மனுஷன், பஸ்ஸை நிறுத்திச் சொல்றார், அது போதும்னா."

அவர் பாறையைப் பிடித்துக்கொண்டார். ஆறு வருஷம். மாதத்துக்கு இரண்டு நிமிஷம். எல்லாம் கூட்டினால்கூட இரண்டரை மணி நேரம் வராது. அந்த இரண்டரை மணி நேரத்தை வைத்துக்கொண்டு ஒருத்தி தன் புருஷனைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறாள். அவள் சட்டையை ஆட்டிக்கொண்டிருந்தபோது இவர் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். கதவைத் திறந்து இறங்கி நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

பத்து முப்பத்தாறு. இன்றைக்கு அது நிற்காது, நீங்கள்தான் இங்கே இருக்கிறீர்களே என்று தபால்காரர் பெருமூச்சு விட்டார்.

நிற்கும் என்பது இவருக்கு மட்டும்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை, ரோடு காலி, வழித்தடத்துக்குப் புதிதாக வந்த பையனுக்கு நேரம் பார்த்து ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் இவரேதான். வண்டி வரும், நிற்கும், இவர்களும் பார்ப்பார்கள். ஓட்டுகிறவர் யாராக இருந்தாலும் அங்கே அது நிற்கும் என்பது ஒரு நொடியில் விளங்கிவிடும். செத்துப்போனவள் பொய்யாகிவிடுவாள். முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக, ஒரு பஸ் தாமதமாக வரட்டும் என்று அவர் வேண்டிக்கொண்டார்.

பஸ் தாமதிக்கவில்லை. பத்து முப்பத்தெட்டுக்குப் புளியமரத்தைத் தாண்டி வந்து, வளைவில் ஓரம் கட்டி நின்றது. எஞ்சின் சத்தம் அடங்கியது. யாரும் ஏறவில்லை, யாரும் இறங்கவில்லை.

தபால்காரர் பஸ்ஸைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். டீச்சரின் நெற்றி சுருங்கியது. கணக்குப் போட்டே பழகிய மனுஷி; அவருக்கு இது விளங்க எவ்வளவு நேரம் ஆகும்.

"நான்தான் சொல்லிட்டு வந்தேன்" என்றார் இவர். "வேலையை விட்டு வர்றப்ப அந்தப் பையன்கிட்ட சொன்னேன். ஞாயித்துக்கிழமை அந்த இடத்துல ரெண்டு நிமிஷம் நிறுத்துப்பா, மேல என் சம்சாரம் வருவான்னு."

தபால்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டீச்சர் இவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தவர் கேட்கவில்லை. ஆரஞ்சுச் சட்டையின் தோள்பட்டையை மெல்லத் தொட்டு, "ஆட்டுங்க" என்றார்.

சட்டையைக் கழற்றி, பாறை விளிம்பில் எழுந்து நின்று ஆட்டினார். கீழே ஓட்டுநர் பக்க ஜன்னலில் ஒரு முழங்கை மட்டும் தெரிந்தது. அந்த முழங்கை எதற்காக உயர்ந்து தாழ்கிறது என்று அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? இருந்தும் நிறுத்தாமல் ஆட்டினார். மற்றவர்களும் எழுந்து கை காட்டினார்கள்.

"ஒரு தடவை மேல பாருப்பா" என்றார், பக்கத்தில் இருந்தவர்களுக்குக்கூடக் கேட்காத குரலில். "ஒரே ஒரு தடவை."

பத்து நாற்பது ஆனது. பஸ் சரியான நேரத்துக்குக் கிளம்பிப் போயிற்று.