பனையிலிருந்து முப்பத்தைந்து காலடி

மண்ணைப் பிடித்துப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல எனக்கு இன்றைக்கும் தெரியும். தொட்டியில் செடி வைக்கிறவர்கள் என்னிடம்தான் கொண்டுவந்து காட்டுகிறார்கள். நானும் பெரிய மேதாவி மாதிரி ஒரு பிடி அள்ளி அமுக்கிப் பார்த்துச் சொல்லுகிறேன். அந்தக் கைப்பழக்கம் என் அத்தையிடமிருந்து வந்தது. அதே அத்தையின் பிழைப்பில் மண்ணைப் போட்டவளும் நான்தான். இதையெல்லாம் ரோஜாச் செடி வைக்கிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

அத்தை, நைனாவின் அக்கா. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அத்தைக்குப் புருஷன் போய்விட்டார், பிள்ளையும் இல்லை. அடையாற்றங்கரையில், கோட்டூர்ப் பக்கம், எங்கள் குடிசைக்கு அடுத்த குடிசை அவளுடையது. ஆறு வளைகிற அந்த இடத்தில் பத்துப் பதினைந்து குடும்பங்கள் புறம்போக்கு நிலத்தில் கீரையும் முள்ளங்கியும் போட்டு, மயிலாப்பூர் மார்க்கெட்டுக்குத் தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்றோம். பட்டா கிடையாது, எல்லைக் கல் கிடையாது. வரப்பு ஒன்றுதான் சாட்சி.

கரைமேல் ஒரு பனைமரம் நின்றது. பனையை ஒட்டி இருந்தது களிமண். ஆற்றை ஒட்டி இருந்தது வெறும் மணல். இரண்டுக்கும் நடுவே ஒரு பட்டை மட்டும் மணலும் வண்டலும் கலந்து கிடந்தது. அந்த மண்ணைக் கையில் வைத்து அமுக்கினால் பிடிகொழுக்கட்டை மாதிரி நிற்கும், கட்டைவிரலால் லேசாகத் தட்டினால் இரண்டு மூன்றாக உடையும். மணல் பிடியிலேயே நிற்காது. களி தட்டினாலும் உடையாது. இந்த மண்ணில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் பத்து எண்ணுவதற்குள் குடித்துவிடும், ஆனால் மறுநாள் விரலை விட்டுப் பார்த்தால் உள்ளே ஈரம் இருக்கும். முள்ளங்கியை இழுத்தால் முனை முறியாமல் சுத்தமாக வரும். மழை பெய்த மறுநாளே வெறுங்காலோடு நடக்கலாம், குதிகாலில் சேறு ஏறாது.

அந்தப் பட்டை அத்தையுடையது. அவள் புருஷன் முள் வெட்டித் திருத்திய இடம். பனையிலிருந்து களியும் அந்த மண்ணும் அவளுக்கு, அதற்கு அப்பால் ஆறு வரைக்கும் மணல் எங்களுக்கு. நைனா மணலில் வெள்ளரிக் கொடி போட்டுவிட்டு, அத்தையின் கீரையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். ஒண்டிக்கட்டைக்கு எதற்கு இவ்வளவு நல்ல மண் என்று வீட்டில் முணுமுணுப்பார். அம்மா காதில் விழாத மாதிரி இருந்துவிடுவாள்.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிய வருஷம் ஒன்று வந்தது. மயிலாப்பூரில் வீட்டுக்கு வீடு பூட்டு, கீரை வாங்க நாதியில்லை. எங்களுக்கு ஓடிப்போக ஊர் ஏது? அம்மா தன் பித்தளைக் குடத்தைக் குடிசைக்குள் குழி தோண்டிப் புதைத்தாள். அதைப் பார்த்து, என் விளையாட்டு மரச் செப்பையும் புதைத்தாக வேண்டும் என்று நான் தரையில் புரண்டு அழுதேன். எனக்கு எட்டு வயது. எல்லாரும் சிரித்தார்கள். அத்தை மட்டும் சிரிக்காமல் மண்வெட்டியை எடுத்தாள். அவளுடைய நிலத்தில், தண்ணீர்ப் பானை வைக்கிற இடத்துக்கு அடியில் முழங்கை ஆழம் தோண்டி, செப்பை ஒரு கலயத்தில் போட்டு, மூடிப் புதைத்தாள். அந்த இடத்தில் யாரும் கொத்தமாட்டார்கள் என்றாள். பனையிலிருந்து அதுவரை என்னை எண்ணி நடக்கச் சொன்னாள். முப்பத்தைந்து காலடி. சண்டை முடிந்ததும் எடுக்கலாம் என்றாள்.

சண்டை முடிவதற்கு முன்னால் வெள்ளம் வந்துவிட்டது. மறுவருஷம் ஐப்பசியில் ஆறு கரையேறி மூன்று நாள் நின்றது. வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் வரப்பு இல்லை, பாத்தி இல்லை, துடைத்துவிட்ட பலகை மாதிரி ஒரே வெளி. மேலே ஒரு சாண் புது மண். மற்றவர்கள் அடையாளம் பேசி அவரவர் இடத்தைப் பிரித்துக்கொண்டார்கள். நைனா மட்டும் பனையிலிருந்து இருபது அடி போய் ஒரு குச்சியை நட்டு, அத்தைக்கு இவ்வளவுதான் என்றார். இருபது அடிக்குள் இருந்தது முழுக்கக் களி.

நாட்டாமைக்காரர் வந்தார். ஊரும் கூடியது.

"மேல் மண்ணை ஒதுக்கிட்டு அடி மண்ணை அமுக்கிப் பாருங்க. ஒடையற மண்ணு முச்சூடும் என்னுது. மணலு ஆரம்பிக்கிற எடத்துலதான் அவனுது ஆரம்பிக்குது" என்றாள் அத்தை.

"மண்ணு மேல பேரு எழுதிக்கீதா?" என்றார் நைனா.

நாட்டாமைக்காரர் மற்றவர்களைக் கேட்டார். அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால் அக்கா தம்பி வழக்கில் தலையை விடுவானேன் என்று ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். அப்போதுதான் நைனா என்னைக் கூப்பிட்டார். "எம் பொண்ணு செப்பைப் பொதைச்சு வச்சிக்கீது. அது எங்க கீதோ அது எங்க நெலம். கொயந்த பொய் சொல்லாது" என்றார்.

இதைக் கேட்டதும் அத்தையின் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். "ஆமா, அந்தப் புள்ளையே சொல்லட்டும். எனுக்கு அது போதும்" என்றாள்.

நான் பனையில் முதுகை ஒட்டிக்கொண்டு எண்ணத் தொடங்கினேன். ஊரே என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்படி ஒரு கூட்டம் என்னைப் பார்த்தது அதுவரை இல்லை. ஒரு வருஷத்தில் கால் வளர்ந்துவிட்டதோ என்னவோ, முப்பத்தைந்தில் தோண்டியபோது ஒன்றும் இல்லை. நைனா ஒரு முழம் பின்னால் வந்து தோண்டினார். ஈரத்தில் குழியின் பக்கம் சற்று நின்று, பிறகு பொலபொலவென்று சரிந்தது. சரிந்த மண்ணுக்குள் கலயம் தெரிந்தது. உள்ளே அடுப்பு, பானை, அம்மி எல்லாம் ஈரம் ஏறி ஊதிப்போய், ஆனால் என்னுடைய செப்பு. நான் கத்திய கத்தல் அக்கரைக்குக் கேட்டிருக்கும்.

நைனா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அவர் என்னைத் தூக்கியதாக எனக்கு வேறு நினைவு கிடையாது. "பலே கெட்டிக்காரிம்மே நீ" என்று நாட்டாமைக்காரர் என் கன்னத்தைத் தட்டினார்.

அத்தை பக்கத்தில் வந்து அண்ணாந்து பார்த்தாள். "பாப்பா, அந்தக் குழிய யாரு தோண்டினாங்க? நாட்டாமைகிட்ட சொல்லு."

யார் எதைச் செய்தாலும் நானே செய்தேன் என்று பீற்றிக்கொள்கிறவள் என்று எனக்கு வீட்டில் பேர். நைனாவுக்கு அது நன்றாகத் தெரியும். அத்தைக்கும் தெரியும், பாவம், அந்த நேரத்தில் மறந்துவிட்டாள்.

"நானேதான் தோண்டினேன்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. "நல்லா யோசிச்சு சொல்லு கண்ணு. மம்முட்டி யாரு கையில இருந்துச்சு?"

எனக்குக் கோபம் வந்தது. நான் பேர் வாங்குகிற நேரத்தில் இவள் எதற்குப் பங்குக்கு வருகிறாள்? "நானேதான்! நானேதான்!" என்று தோள்மேல் குதித்தேன்.

நாட்டாமைக்காரர் நைனா நட்ட குச்சியிலேயே வரப்புப் போடச் சொன்னார். வல்லான் வகுத்ததே வாய்க்கால். அத்தை ஒரு பிடி மண்ணை அள்ளி, அமுக்கி, தட்டிப் பார்த்துவிட்டு, குடிசைக்குள் போய்ப் படலைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்கு அம்மா வயிற்றுவலி என்று சாப்பிடவில்லை. நான் செப்பில் சோறாக்கி விளையாடினேன்.

அந்த வருஷம் எங்கள் முள்ளங்கி மாதிரி யாருக்கும் விளையவில்லை. அத்தையின் களியில் மழைக்கு விதை அழுகியது, வெயிலுக்கு நிலம் வெடித்தது, தப்பி வந்த முள்ளங்கியும் கவட்டைக் கவட்டையாக வந்தது. சித்திரையில் அவள் குடிசையைப் பிரித்துக்கொண்டு மாம்பலம் பக்கம் போய்விட்டாள். தியாகராய நகரில் பங்களா கட்டுகிற இடத்தில் சித்தாள் வேலை என்று பேசிக்கொண்டார்கள்.

ஒரு நாள் அம்மாவோடு அந்தப் பக்கம் கீரை விற்கப் போனபோது அவளைப் பார்த்தேன். தெருவோரம் குவித்திருந்த ஆற்று மணலைச் சல்லடையில் போட்டுச் சலித்துக்கொண்டிருந்தாள். அம்மா தூரத்திலேயே நின்றுவிட்டாள். நான் கூடையிலிருந்து வேரோடு ஒரு கட்டு முளைக்கீரையை உருவிக்கொண்டு ஓடினேன்.

"இன்னா பாப்பா, இப்பவும் நீயேதான் தோண்டிக்கினு கீறியா?" என்றாள்.

"ஆமாத்தே, நானேதான்!" என்றேன். கூட வேலை செய்த பெண்கள் சிரித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவள் கட்டை வாங்கித் திருப்பி, வேரில் ஒட்டியிருந்த ஈர மண்ணை விரலால் வழித்து எடுத்தாள். உள்ளங்கையில் வைத்து அமுக்கினாள். கட்டைவிரலால் தட்டினாள். அது மூன்றாக உடைந்தது. உடைந்ததை முந்தானையில் முடிந்துகொண்டு, கீரையை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுச் சல்லடையை எடுத்தாள்.

மண்ணும் சேறுமாகக் கொண்டுபோய்க் கொடுத்ததால்தான் வாங்க மாட்டேன் என்கிறாள் என்று எனக்கு வெட்கமாகப் போயிற்று. அடுத்த தடவை போகும்போது ஒரு பொட்டு மண் இல்லாமல், வேர்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவி எடுத்துக்கொண்டு போனேன்.