பங்க் நிலமும் தம்பி போட்ட வழக்கும்

இன்னிக்குக் காலையில எரியோட்டுல பஸ் ஏறினா, காலியா இருந்த ஒரே இடம் என் தம்பி பக்கத்துல. ரெண்டு பேருமே திண்டுக்கல் கோர்ட்டுக்குத்தான் போறோம், எதிரும் புதிருமா.

கல்யாணத்தப்போ அப்பா எனக்கு எழுதி வச்ச ரோட்டோர நிலத்துல பெட்ரோல் பங்க் வைக்க என் வீட்டுக்காரர் மனுப் போட்டிருக்கார். "பூர்வீகச் சொத்து, என்னைக் கேக்காம கொடுத்தது செல்லாது"ன்னு தம்பி வழக்குப் போட்டுட்டான்.

வழக்குல இருக்கிற நிலத்தைப் பெட்ரோல் கம்பெனி ஒத்துக்காது. வெள்ளிக்கிழமைக்குள்ள தீரலைன்னா பங்க் அடுத்த ஆளுக்குப் போயிரும்னு மெட்ராஸிலிருந்து கடுதாசி வந்திருக்கு.

பஸ் கிளம்பினதும் அவனே கேட்டான்.

"சாப்டியாக்கா?"

"தொண்டையில இறங்கலைலே. நீ வாபஸ் வாங்கு, சாப்டுறேன்."

"அது வேற, இது வேறக்கா."

கோர்ட்டுல அடுத்த மாசத்துக்கு வாய்தா போட்டுட்டாங்க. வெளியே தம்பி நின்னான். "இம்புட்டு நாள் இழுக்கும்னு நானும் நினைக்கலக்கா"ன்னான்.

திரும்பி வர்றப்ப எனக்கும் சேர்த்து அவனே டிக்கெட் எடுத்தான். வழக்கை மட்டும் வாபஸ் வாங்கல.

வீட்டுக்காரர் வாசல்லயே காத்துக்கிட்டிருக்கார். முதல்ல எதைச் சொல்லட்டும், வாய்தாவையா, டிக்கெட்டையா? நீங்களே சொல்லுங்க.