முதலில் எழுத ஆளில்லாத வகுப்பு

மார்லிஸ் குவாம் அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் வடக்கே எங்கள் மாவட்ட அலுவலகத்தில் கழிவுநீர்த் தொட்டிகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தவள். ஏரிக்கரை வீடுகளின் கொல்லையில் மண்டியிட்டு, மூடியைத் திறந்து, முகம் சுளிக்காமல் உள்ளே எட்டிப் பார்ப்பாள். ஓய்வு பெற்றதும், அதே தொழிலுக்கு உரிமம் வாங்க நினைப்பவர்களுக்குப் பாடம் சொல்ல எங்கள் கல்லூரிக்கு வந்தாள். எனக்கு அடுத்த மேசை. நான் கணக்குப் பதிவு சொல்லித் தருகிறவள் என்பதால், என்னுடையதைவிடத் தன் பாடம் சுவாரசியமானது என்று அவளுக்கு ஓர் எண்ணம்.

வகுப்பை ஆன்லைனுக்கு மாற்றிய முதல் பருவத்திலேயே பாதிப் பேர் நடுவில் கழன்றுகொண்டார்கள். துறைத் தலைவி மிகவும் இனிமையாக, இந்தத் தடவையும் அப்படியானால் வசந்தகாலத்தில் இந்தப் பாடம் வேண்டாமே என்றாள். எங்கள் ஊரில் ஒருவர் அவ்வளவு இனிமையாகப் பேசினால் கத்தி கழுத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். மார்லிஸ் அரண்டுபோனாள். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று என்னிடம் சொன்னாள். அது உண்மைதான்.

ஆன்லைன் பாடங்களை ஒழுங்குபடுத்தித் தருவதற்கென்றே கல்லூரியில் டெவின் என்று ஒருவன் இருக்கிறான். நீளமான பேச்சைத் துண்டு துண்டாக வெட்டுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் வையுங்கள், ஒன்றை முடித்தால்தான் அடுத்தது திறக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக மாணவர்களை ஒருவரோடு ஒருவர் பேச வையுங்கள் என்றான். மார்லிஸ் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். முதல் பக்கத்தில் மாணவர்கள் தங்களைப் பற்றி எழுத ஓர் அறிமுகப் பகுதி வைத்தாள். எடுத்த எடுப்பில் தன்னைப் பற்றிப் பேசுவது மரியாதை இல்லையே என்று யோசித்து, முதலில் இன்னொருவர் எழுதியதற்குப் பதில் போடுங்கள், பிறகு உங்களைப் பற்றி எழுதுங்கள் என்று குறிப்பும் எழுதினாள். அதைப் படித்துப் பார்த்த டெவின் அருமை என்றான். அவனும் இந்த ஊர்க்காரன்தான்.

பருவம் தொடங்கியது. மாணவர்கள் தினமும் வந்தார்கள். முதல் பக்கத்தைப் பார்த்தார்கள். போய்விட்டார்கள். அதற்கு மேல் ஒருவரும் ஓரடி நகரவில்லை.

படம் சரியில்லை என்று முடிவு கட்டினாள் மார்லிஸ். கான்கிரீட் தொட்டியை எடுத்துவிட்டு ஏரியில் நீந்தும் ஒரு பறவையைப் போட்டாள். உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு வீடியோ எடுத்தாள். புல்வெளியில் தொட்டி எங்கே புதைந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கும் விளையாட்டு ஒன்றைச் செய்தாள். முடிப்பவர்களுக்குப் பதக்கம் வேறு. எதுவும் எடுபடவில்லை.

"வராமலே இருந்தாக்கூடப் புரியும். தினமும் வந்து வாசல்லயே நின்னுட்டுப் போறாங்களே, ஏன்?" என்றாள்.

யாரையாவது கூப்பிட்டுக் கேளேன் என்றேன். ஆகாததைச் சொல்லிவிட்டதுபோல என்னைப் பார்த்தாள். "எல்லாரும் வேலைக்குப் போறவங்க. எதுக்குத் தொந்தரவு?"

சர்ச்சின் கீழ்த்தளத்தில் விருந்து நடந்த அன்று சாப்பாட்டு வரிசையில் நான் அவளுக்குப் பின்னால் தட்டோடு நின்றேன். அவளுக்கு முன்னால் ஆரன் பாக்கி. மண் தோண்டும் இயந்திரம் வைத்திருப்பவன், அவளுடைய மாணவன். டீச்சரைக் கண்டதும் ஒதுங்கி வழிவிட்டான். இவள் நீ போ என்றாள். அவன் நீங்க போங்க என்றான். வரிசை அப்படியே நின்றது. எனக்குப் பசி.

"பாடம் எப்படிப் போகுது ஆரன்?"

"மோசமில்ல டீச்சர். அந்தப் பறவைப் படம் நல்லாருக்கு."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் தொறக்கலயே. மொதல்ல இன்னொருத்தருக்குப் பதில் போடணும்னு எழுதியிருக்கீங்க. யாரும் எழுதல. எழுதினதும் போட்டுடலாம்னு தினமும் வந்து பாக்கறேன்."

மார்லிஸின் தட்டு கொஞ்சம் சாய்ந்தது. "எனக்கு ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாமேப்பா?"

"உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு?" என்றான் ஆரன்.

இருவரையும் தாண்டிப் போய் நான் சாப்பாட்டை எடுத்துக்கொண்டேன். அவர்களை நம்பியிருந்தால் ஆறிப்போயிருக்கும்.

மறுநாள் காலையில் மார்லிஸ் அந்தக் குறிப்பை எடுத்துவிட்டு, தன்னைப் பற்றித் தானே முதலில் நாலு வரி எழுதினாள். அணை திறந்ததுபோல எல்லாரும் உள்ளே வந்தார்கள். பருவம் முடியும்வரை ஒருவர்கூட விலகவில்லை. வசந்தகாலத்துக்கும் பாடம் உண்டு என்று துறைத் தலைவி சொன்னபோது மார்லிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆனால் குழப்பம் தீர்ந்தபாடில்லை. வகுப்பு உருப்பட்டது படத்தாலா, விளையாட்டாலா, பதக்கத்தாலா, இல்லை அந்தக் குறிப்பை எடுத்ததால் மட்டும்தானா? எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று மாணவர்களிடம் எழுதிக் கேட்டாள். எல்லாரும் ஒரே பதிலைத்தான் அனுப்பினார்கள்: மோசமில்லை. எங்கள் ஊரில் அது உச்சிமேல் வைத்துக் கொண்டாடுவதாகவும் இருக்கலாம், வாயைத் திறக்காமல் திட்டுவதாகவும் இருக்கலாம்.

அடுத்த பருவத்துக்கு எதை வைப்பது, எதை எடுப்பது என்று தெரியாமல் என்னிடம் வந்து நின்றாள். ஆரனைக் கூப்பிட்டு நேராகக் கேட்டுவிடு என்று அதட்டினேன். போனை எடுத்தாள். எண்ணையும் அழுத்திவிட்டாள். அவன் குரல் கேட்டதும் என்னைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லப்பா, உங்க பக்கம் பனி எப்படி?" என்றாள்.

"மோசமில்ல டீச்சர்" என்று அவன் சொன்னது எனக்கும் கேட்டது.