விழித்த பிறகும் தூங்கிய ஆடு

பேய், ஏவல் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதை நீங்களும் நம்ப வேண்டாம், சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது.

எங்கள் நகரி ஆந்திராவுக்கா மெட்ராசுக்கா என்று எல்லைத் தகராறு இழுத்துக்கொண்டிருந்த காலம். திருப்பதியில் ஒரு கால்நடை ஆராய்ச்சிக்கூடத்தில் இயந்திரம் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. ஆட்டுக்கு ஈதரை முகரக் கொடுத்து மயக்குவோம். தலையில் ஒட்டிய கம்பிகள் வழியாக மூளையில் ஓடும் மின்சாரத்தைப் பேனாக்கள் காகிதத்தில் கோடாக இழுக்கும். விழித்திருந்தால் பொடிப்பொடி நெளிவு, மயங்கினால் பெரிய, சோம்பலான அலை.

குட்டி போட்டுச் சில நாளே ஆன ஒரு கறுப்பு வெள்ளாடு. ஈதரை எடுத்ததும் எழுந்தது, தழை தின்றது. பேனாக்கள் மட்டும் மயக்க அலையையே இழுத்துக்கொண்டிருந்தன. கம்பிகளை மாற்றினேன். வேறு ஆட்டுக்கு ஒட்டினால் சரியாகக் காட்டுகிறது, இதற்கு ஒட்டினால் அதே மயக்கம்!

கொட்டகையில் ஆடு பார்க்கும் செங்கம்மா குட்டியை அவிழ்த்துவிட்டாள். ஓடி வந்த குட்டி பாதியில் நின்று, நடுங்கிப் பின்வாங்கியது.

"இன்னா நைனா பண்ணீங்கோ? தாயாண்ட போவவே பயந்துக்கினு கீதே" என்றாள்.

துறைத்தலைவரிடம் ஓடினேன். "வைர் லூசய்யா" என்றார். மறுபடி போனேன். "சர்லே, முதல்ல உங்க ஊரு எந்தப் பக்கம்னு பாரு, அப்புறம் ஆட்டைப் பார்க்கலாம்" என்று சிரித்தார். எத்தனை முறைதான் போவது?

மாதங்கள் போயின. ஆடு மேய்ந்தது, பால் கறந்தது. குட்டியை வேறு ஆட்டுப் பாலில் செங்கம்மா வளர்த்தாள். நான் கம்பி ஒட்டும்போதெல்லாம் மயக்கம்தான்.

திருத்தணி அந்தப் பக்கம், நகரி இந்தப் பக்கம் என்று முடிவாகி எல்லோரும் அதையே பேசிக்கொண்டிருந்த ஒரு நடுப்பகல். இயந்திர அறையில் நானும் செங்கம்மாவும், கம்பி ஒட்டிய அந்தக் கறுப்பு ஆடும்தான். திடீரென்று பேனாக்கள் பொடிப்பொடியாகத் துடித்தன. ஆடு தலையை உலுக்கி, இப்போதுதான் கண் திறந்ததுபோலச் சுற்றிப் பார்த்துக் கத்தியது. குட்டியைக் கூப்பிடும் கத்தல்.

"இப்பத்தான் எழுந்துக்குது நைனா" என்றாள் செங்கம்மா.

அதுவரை கிட்டவே வராத குட்டி, அந்தக் குரலுக்குக் கொட்டகையிலிருந்து பாய்ந்து வந்தது. கொம்பு முளைத்து, தாய் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. தாய் அதை மோந்து பார்த்து, முட்டித் தள்ளிவிட்டது.

அன்றும் துறைத்தலைவர் வைர் என்றுதான் சொன்னார். அவர் வந்து பார்க்கவே இல்லையே! நான் பார்த்தேன். தலையைத் தரையோடு தாழ்த்தி, மேசைக்கு அடியில், தழைக்கூடைக்குப் பின்னால், பிறந்து சில நாளே ஆன குட்டி ஒளியக்கூடிய இடங்களில் மட்டும், மடியில் பால் சொட்டச் சொட்ட அது தேடிக்கொண்டே இருந்தது.