பீரங்கிப் படைக் கல்லறையில் ஒரு தசமி

பாரிஸ் லாச்சப்பலில் வழக்கமாக மரக்கறி வாங்கும் கடையில் இந்த வருடம் நாட்காட்டி தரவில்லை. கேட்டேன். கல்லாவில் இருந்த பெண் பிரான்சில் பிறந்தவள். தமிழைக் கொஞ்சம் யோசித்துத்தான் பேசுவாள்.

"இந்த முறை அடிக்கேல்லை அங்கிள். எல்லாம் போர்த்தாபிள்ளை இருக்குத்தானே."

இருக்கிறதுதான். திதி, நட்சத்திரம், ராகுகாலம் எல்லாம் கைபேசியில் இருக்கின்றன. ஆனால் கைபேசிக்குப் பின்பக்கம் இல்லை. நான் முப்பது வருடமாக நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதி வாழ்ந்தவன். கிழித்த தாளை எறிய மனம் வராது. கட்டுக்கட்டாக ரப்பர் வளையம் போட்டு, சப்பாத்துப் பெட்டிகளில் வைத்திருக்கிறேன். என் மனைவி அந்தப் பெட்டிகளை 'உங்கடை சொத்து' என்பாள். அவற்றில் ஒரு கட்டு முழுக்க ஒரு பிரித்தானியப் பீரங்கிப் பிரிவில் இறந்தவர்களின் பெயர்கள்.

எனக்கும் பீரங்கிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்பது நியாயம். இங்கே வந்த புதிதில் ஒரு சிறிய துப்புரவு நிறுவனத்தில் வேலை. அலுவலகக் கண்ணாடி, பள்ளிக்கூடக் கழிப்பறை என்று கிடைத்ததெல்லாம் செய்தோம். ஒரு வசந்த காலத்தில் பத்ரோன் என்று நாங்கள் கூப்பிடும் முதலாளி எங்கள் இருவரை வடக்கே ஒரு பிரித்தானியப் போர்க் கல்லறைக்கு அனுப்பினார். முதல் உலகப் போரில் இறந்தவர்களின் வெள்ளைக் கற்களைத் தண்ணீராலும் மெல்லிய தூரிகையாலும் கழுவ வேண்டும். என்னோடு வந்தவர் சிவம் அண்ணை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரர். ஈரக் கல்லின் மணம் எங்கே வந்தாலும் இன்றைக்கும் அங்கே அவர் போட்டிருந்த தொப்பிதான் நினைவுக்கு வருகிறது.

கல்லறையின் வாசற்சுவரில் ஒரு சிறிய உலோகக் கதவு. அதைத் திறந்தால் உள்ளே பதிவேடு. இறந்தவரின் பெயர், பதவி, தாய் தகப்பன், ஊர். சாப்பாட்டு இடைவேளையில் அதைப் பார்த்து எழுதுவது என் பழக்கமாயிற்று. கடைசி வரிசை முழுதும் ஒரே பீரங்கிப் பிரிவு. ஒவ்வொரு கல்லிலும் சிறிய பீரங்கி செதுக்கியிருந்தது. சிவம் அண்ணை அதைக் கண்டதும் வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஷெல் அடிச்சவன்ரை கல்லை நான் கழுவமாட்டன். உமக்கு விருப்பமெண்டா நீர் கழுவும்."

அவருடைய தம்பி ஊரில் உழவு இயந்திரம் ஓட்டியவன். இடம்பெயர்ந்த சனத்தின் சாமான்களை ஏற்றிப்போகும்போது ஷெல் விழுந்தது. உடல் என்று எதுவும் மிஞ்சவில்லை. செய்தி வந்து மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. நான் அந்த வரிசையைத் தனியாகக் கழுவினேன்.

பிறகு ஒரு பழைய புத்தகக் கடையில் அந்தப் பிரிவைப் பற்றிய மெல்லிய நூல் ஒன்று கிடைத்தது. அந்தப் பிரிவில் இருந்து உயிர்தப்பிய ஒருவர் எழுதியது. எனக்கு இந்த மாதிரிப் புத்தகங்களில் ஒரு கிறுக்கு. இரண்டு ஞாயிறுகளில் வாசித்து முடித்துவிட்டு, வேலைக்குப் போகும் வண்டியில் அண்ணையிடம் சொன்னேன்.

"அண்ணை, அந்த வரிசையிலை பாதிப்பேர் பீரங்கியைத் தொடாதவை. குதிரை வண்டியிலை குண்டு ஏற்றிப் போனவை. சேத்துக்குள்ளை வண்டி புதைஞ்சு நிக்கேக்கை ஷெல் விழுந்து செத்தவை."

"வண்டி ஓட்டினவையோ?"

"ஓம். கல்லிலையும் அப்பிடித்தான் வெட்டியிருக்கு. டிரைவர் எண்டு."

அன்று மத்தியானம் அண்ணை அந்த வரிசையில் ஒரு கல்லின் முன்னால் குந்தியிருந்து, எழுத்து எழுத்தாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். இருபத்தொரு வயது டிரைவர். தம்பிக்கும் அதே வயதுதான்.

திரும்பும் வழியில் என்னிடம் ஒன்று கேட்டார். தம்பி இறந்தது விடிய ஐந்து மணிக்கு என்று கடிதத்தில் இருக்கிறது, திதி பார்த்துச் சொல்ல முடியுமா? முடியுமாவா! அன்றிரவு வீட்டில் என் பெட்டியைத் திறந்தேன். அந்த நாளின் தாள் இருந்தது. அதிகாலை இரண்டு மணி வரை நவமி, பிறகு தசமி. "மாசி வளர்பிறைத் தசமி, அண்ணை" என்று மறுநாள் நிச்சயமாகச் சொன்னேன். அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே அந்த டிரைவரின் பெயரையும் எழுதிவைத்தேன்.

வேலை ஒப்பந்தம் முடிந்தது, நிறுவனமும் மூடப்பட்டது. ஆனால் ஒவ்வொரு மாசித் தசமிக்கும் அண்ணை விடுப்பு எடுத்து, ரயிலேறிப் போய் அந்தக் கல்லைக் கழுவினார். தோட்டக்காரர் ஒருமுறை, உங்கள் குடும்பமா என்று கேட்டாராம். "தம்பி எண்டு சொல்லிப்போட்டன். ஒரு மாதிரிப் பார்த்தான்" என்று சிரித்தார்.

நாலு வருடத்துக்கு முன் அந்தக் கட்டை ஒழுங்குபடுத்தும்போது தாளைத் திருப்பினேன். அடியில், எறும்பு அளவு எழுத்தில், 'பாரிஸ் நேரப்படி' என்று இருந்தது. பாரிஸில் இரண்டு மணி என்றால் ஊரில் ஆறு மணி தாண்டியிருக்கும். ஐந்து மணிக்கு அங்கே நவமி. தேதிகளில் மற்றவர்களின் பிழை பிடித்தே பெயரெடுத்த நான், ஒரு மனிதனைக் காலமெல்லாம் தவறான நாளில் திவசம் செய்ய வைத்திருக்கிறேன். சொல்லத் துணிவில்லை. ஒவ்வொரு மாசியும் வந்து போனது.

இந்த வருடம் அண்ணைக்கு முழங்கால் முடியவில்லை. பாரிஸ் புறநகர் செவ்ரானில் மகளோடு இருக்கிறார். "தசமிக்கு நீர் ஒருக்காப் போய்ட்டு வாரும்" என்று தொலைபேசியில் சொன்னார். இனி மறைக்க முடியாது. சொல்லிவிட்டேன்.

தொலைபேசியில் சிரிப்பு.

"அது எனக்குப் பத்து வருசத்துக்கு முதலே தெரியும். அம்மா ஊரிலை நவமியிலைதான் செய்தவ. போனிலை கதைக்கேக்கை பிடிபட்டுது."

"ஏன் அண்ணை எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீர் உந்தச் சப்பாத்துப் பெட்டியெல்லாம் கவிட்டுக் கொட்டிக்கொண்டு இருந்திருப்பீர். விடும். அங்கை ஒரு நாள், இஞ்சை ஒரு நாள். அவனுக்கு ரெண்டு நாளும் சோறு கிடைச்சுது."

"இப்ப அம்மாவும் இல்லையே அண்ணை."

"அதுதான் யோசிக்கிறன். நவமிக்கு இனி ஆளில்லை. நீர் நவமிக்குப் போம். தசமிக்கு நான் இஞ்சை சமைப்பன், சாப்பிட வாரும்."

நவமியன்று போனேன். மழைத் தூறல். அந்த வரிசை இப்போது சுத்தமாகவே இருக்கிறது, கழுவுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் கைக்குட்டையால் எழுத்து எழுத்தாகத் துடைத்தேன். பிறகு வாசற்சுவர்க் கதவைத் திறந்து, பதிவேட்டில் அந்த டிரைவரின் தாயின் பெயரை மறுபடி பார்த்தேன். அன்றைக்கு அதை எழுதாமல் விட்டிருந்தேன். எழுதிக்கொள்ளச் சட்டைப்பையில் கை போனது. உள்ளே ரயில் சீட்டும் கைபேசியும்தான் இருந்தன. வழக்கமாகக் காலையில் கிழித்து வைத்துக்கொள்ளும் தாள் இந்த வருடம் இல்லை.