பொது என்று ஒரு டிரைவ்

எதிர் ஃபிளாட் ரேவதி சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. அன்றைக்குக் கேட்டேன். மேனாம்பேட்டில் எங்கள் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் நானும் கதவைத் திறந்து வைத்தேன்.

ரேவதி ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த பிறகு எம்பிராய்டரி மிஷின் வாங்கி, ஜாக்கெட்டுக்கு டிசைன் போட ஆரம்பித்தாள். மற்றவர்கள் இணையத்தில் கிடைக்கும் மயிலையும் மாங்காயையும் இறக்கித் தைப்பார்கள். இவள் அம்பத்தூர் ஏரியில் மண்டிக் கிடக்கும் ஆகாயத்தாமரையைப் பார்த்துவிட்டு வந்து, கம்ப்யூட்டரில் ஒவ்வொரு தையலாக வரைவாள். அதைப் பென்டிரைவில் ஏற்றிச் செருகினால் மிஷின் தைக்கும். அந்தப் பூவுக்காகவே திருமழிசையிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள் உண்டு.

கணவன் ஹேமநாதனுக்கு ஐ.டி. கம்பெனியில் வேலை. வீட்டில் ஒரு துரும்பை எடுத்துப் போடமாட்டான். கம்ப்யூட்டர் என்றால் மட்டும் கை துறுதுறுக்கும்.

“இன்னா ரேவதி, ஊட்டுக்குள்ளயே பென்டிரைவ தூக்கினு அலையுற? எல்லாத்தையும் ஒண்ணா கோத்து வுடுறேன் பாரு.”

கோத்துவிட்டான். அவள் கம்ப்யூட்டரின் டிஸ்க் வீட்டிலிருக்கும் மிஷின், டிவி எல்லாவற்றிலும் தெரியும்படி செய்து, ‘பொது’ என்று பெயர் வைத்தான். மிஷின் வைஃபையில் அதிலிருந்தே டிசைனை எடுத்துக்கொண்டது. அவன் இறக்கிய சினிமாக்களும் அதிலேயே ஏறி டிவியில் ஓடின. பென்டிரைவில் இருந்ததை அழித்துவிட்டு அதைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டான். அவனுடைய லேப்டாப்புக்கு மட்டும் பாஸ்வேர்டு.

“அது மட்டும் ஏன் பொதுவுல இல்ல?” என்று ரேவதி கேட்டாள்.

“அது வேலைம்மா.”

அப்படியானால் இவள் செய்வது என்ன, பொழுதுபோக்கா? அவள் சொல்லக் கேட்ட எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. அவள் மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்து ஹேமநாதனின் தம்பி வெங்கட் தங்க வந்தான். அவன் லேப்டாப்பிலும் ‘பொது’வைக் கோத்தார்கள். சினிமா நிரம்பி, இடம் தீர்ந்ததென்று அதில் சிவப்புக் கோடு காட்டியது. தன் லேப்டாப்தான் நிரம்பிவிட்டது, அண்ணியின் டிசைனெல்லாம் தன்னிடம் நகலாக வந்து உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டான் அந்தப் புத்திசாலி. யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிசைன்களை மொத்தமாக அழித்தான்; போனது நகல் இல்லை, அவள் கம்ப்யூட்டரில் இருந்த அசலே. சினிமாவைத் தொடவில்லை. இன்னொரு கம்ப்யூட்டரில் இருப்பதை இப்படி அழித்தால் அது கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாதாம்.

அப்போது மிஷினில் இருந்தது ஒரு கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட். இடது கை முடிந்திருந்தது. வலது கைக்கு டிசைனைத் தேடினால் இல்லை.

“இன்னா அண்ணி, என் லேப்டாப்ல கீற காப்பியத்தானே அழிச்சேன்?” என்றான் வெங்கட்.

ஹேமநாதன் மீட்கப் பார்த்தான். எதுவும் வரவில்லை. “வுடு ரேவதி. நாலு பூதானே, திரும்பப் போட்டுக்கோ” என்றான்.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

“நாலு பூவா? கல்யாணமான நாள்ல இருந்து வரைஞ்சதுங்க! உங்க ஆபீஸ்ல பூந்து எவனாவது இப்படி அழிச்சா சும்மா இருப்பீங்களா?”

தைத்து முடிந்த ஜாக்கெட் கையை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு, தையல் தையலாகப் பார்த்து அந்தப் பூவை மறுபடி வரைந்தாள் ரேவதி. வரைந்து முடிக்கும்வரை அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஜாக்கெட் கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மற்ற டிசைன்கள் போனது போனதுதான்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் தம்பியும் காலை நீட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். நானும் அளவு ஜாக்கெட் கொடுக்க அங்கே போயிருந்தேன்.

“ரேவதி, டிவில பொது வரலியே, இன்னா ஆச்சு?”

அவள் மிஷினை நிறுத்தாமலே சொன்னாள். “எடுத்துட்டேன். பாஸ்வேர்டு போட்டிருக்கேன். இது வேலை.”

“அதுல என் படம்லாம் கீதே!”

“இடம் பத்தல, அழிச்சுட்டேன். நாலு படம்தானே, திரும்ப இறக்கிக்கோங்க.”